‘வெளியேறு’ என்ற பொத்தான்: இணையத்தில் சேலை விற்போர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைத்தறி நெசவாளர்களும் சிறு ஜவுளிக் கடைக்காரர்களும் இணையத்தில் கடை திறக்க வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே பல தரப்பினரும் வலியுறுத்தி வருவதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். காரைக்குடியில் என் தந்தையார் நடத்திவந்த சேலைக் கடையின் இணைய விற்பனையை ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருபவள் நான். கடை திறப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், திறந்த கடைக்குள் வருகிறவர் என்ன பாடு படுகிறார் என்பதைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “ஏம்மா, சேலையை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்து ‘வெளியேறு’ என்றுதான் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் எடுத்து வைத்ததெல்லாம் போய்விடுமா?” என்று கேட்டார். அது பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்கான பொத்தான். ‘செக் அவுட்’ என்ற சொல்லை, விடுதி அறையைக் காலி செய்யும் பொருளில் எடுத்துக்கொண்டு, தானியங்கி மொழிபெயர்ப்பு ஒன்று ‘வெளியேறு’ என்று ஆக்கியிருந்தது. எங்கள் கடையில் அந்தச் சொல் ஏழு மாதம் கிடந்திருக்கிறது. அந்த ஏழு மாதத்தில் தொலைபேசியில் கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அன்றிரவே அதை ‘பணம் செலுத்துக’ என்று மாற்றினேன். மாற்ற ஆன நேரம் இரண்டு நிமிடம்.

இணையக் கடை நடத்துவதற்கான மென்பொருள்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. 2011-ஆம் ஆண்டு வெளிவந்த வூகாமர்ஸை, இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளோடு இணைத்து எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கனடாவின் ஷாப்பிஃபை சந்தா கட்டிப் பயன்படுத்துவது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவும் இதே பணிக்கு ஜோஹோ காமர்ஸ் என்ற மென்பொருளை அளிக்கிறது. இவற்றுள் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் எனக்கு நாட்டமில்லை. சிறு கடைக்காரர் ஒருவருக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. இல்லாதது, அந்த மென்பொருளின் கட்டங்களில் நாம் எழுத வேண்டிய செய்திதான். கடை சரியாக ஓடவில்லை என்றதும் விலை கூடிய மென்பொருளுக்கு மாறுகிறார்கள், பக்கத்தின் தோற்றத்தை மாற்றுகிறார்கள், விளம்பரத்துக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். நேர்க் கடையில் வாயால் சொல்வதையெல்லாம் இணையத்தில் எழுதாமல் விட்டுவிட்டோம் என்பது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

நேர்க் கடையில் செட்டிநாட்டுப் பருத்திச் சேலையான கண்டாங்கி ஒன்றைப் பாயில் விரித்துப் போடும்போது என் தந்தையார் என்னென்ன சொல்வார் என்று ஒரு நாள் உடனிருந்து எழுதினேன். எந்த நம்பர் நூல், பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஒரே நூலா, கரை எத்தனை விரற்கடை, முந்தி தனி நிறமா, ரவிக்கைத் துணி சேர்ந்ததா, சேர்ந்ததென்றால் மொத்தம் எத்தனை மீட்டர், முதல் சலவையில் சாயம் இறங்குமா, கஞ்சி போட வேண்டுமா, எத்தனை சலவைக்குப் பிறகு உடம்போடு ஒட்டி மென்மையாகும், எந்த ஊர்த் தறி என்பன உட்படப் பதினான்கு செய்திகள் வந்தன. எங்கள் இணையக் கடையிலோ அதே சேலைக்கு அப்போது இருந்தது, “அழகிய கைத்தறிப் பருத்திச் சேலை, எல்லா விழாக்களுக்கும் ஏற்றது” என்ற ஒரு வரி. அந்த வரியை எந்தச் சேலைக்கும் போடலாம் என்பதால், படிப்பவருக்கு அது எதையுமே சொல்லவில்லை. கையால் தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில், சொல்தான் துணியின் கனத்தையும் நெருக்கத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் இத்தகைய பண்புகளைத் தனித்தனிக் கட்டங்களில் பதியும் வசதி பெரும்பாலான இணையக் கடை மென்பொருள்களில் உண்டு. பதிந்துவிட்டால், வாங்க வருகிறவர் பக்கத்தின் ஓரத்தில் தனக்கு வேண்டியவற்றைத் தொட்டு, ரவிக்கைத் துணி சேர்ந்த, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு உட்பட்ட, பெரிய கட்டம் போட்ட சேலைகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். பதியாவிட்டால் முந்நூறு படங்களையும் அவர் விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கட்டங்களை நிரப்புவது அலுப்பூட்டும் வேலை. ஒரு சேலைக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, “நீளம் எவ்வளவு, ரவிக்கை உண்டா” என்று கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்திகள் எங்களுக்குப் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. கைத்தறியில் ஆங்காங்கே நூல் முடிச்சு தெரிவதும், கரையின் அகலம் மயிரிழை கூடிக் குறைவதும் இயல்பு என்று படத்தோடு எழுதி வைத்தபின், ‘பழுதான சேலை’ என்று திரும்பி வந்தவையும் குறைந்தன. கண்டாங்கி 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை என்பதையும், கைத்தறி முத்திரை உள்ள சேலை என்றால் அந்த முத்திரையின் படத்தையும் அதே பக்கத்தில் காட்டுவது, விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கும் இக்காலத்தில் வாங்குகிறவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையக் கடைகளின் நிறப்பட்டியலில் பெரும்பாலும் நீலம், பச்சை, சிவப்பு என்று சில நிறங்களே இருக்கும். நம் பெண்கள் அப்படியா கேட்கிறார்கள்? அரக்கு என்பார்கள், மாந்தளிர் என்பார்கள், மயில்கழுத்து, வாடாமல்லி, கிளிப்பச்சை, கடுகு மஞ்சள், வெங்காயத்தோல், எம்.எஸ். நீலம் என்பார்கள். ‘சிவப்பு’ என்று தேடினால் அரக்கும் மிளகாய்ப்பழச் சிவப்பும் செங்கல் நிறமும் கலந்து வந்து நிற்கின்றன. அரக்குக்காகவே வந்தவர் அலுத்துப்போகிறார். எங்கள் நெசவாளர்களிடமும் சாயக்காரரிடமும் கேட்டு நாற்பத்து மூன்று நிறப்பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பகல் வெளிச்சத்தில் எடுத்த துணியின் படத்தை வைத்தோம். திரைக்குத் திரை நிறம் சற்று மாறும் என்பது உண்மையே. இருந்தாலும் ‘மயில்கழுத்து’ என்ற சொல்லைப் படித்தவருக்கு, திரை காட்டத் தவறியதையும் அந்தச் சொல் காட்டிவிடுகிறது.

தேடல் பெட்டியில்தான் தமிழ்க் கடைகள் பெரிதும் தோற்கின்றன. அதற்கான காரணத்தைக் கடைக்காரர்கள் பலரும் அறியாமலே இருக்கிறார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒருவர் ‘சேலை’ என்று தேடுவார், இன்னொருவர் ‘புடவை’ என்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தட்டுவார். ‘பட்டுச் சேலை’ என்று நாம் ஒற்று மிகுத்துப் பதிந்திருக்க, வருகிறவர் ‘பட்டு சேலை’ என்று தட்டினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடல் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிடுகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். கண்ணுக்கே தெரியாத வேறுபாடு ஒன்றும் உண்டு. ‘கோடு’ என்ற சொல்லில் உள்ள ஓகாரக் குறியை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் பதியலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள். எங்கள் பொருட்பட்டியலில் ஒரு பகுதியைத் தட்டச்சு செய்தவர் பழைய விசைப்பலகை மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தியதால், ‘கோடு போட்ட சேலை’ என்று தேடியவர்களுக்கு எங்களிடம் இருந்த அறுபது கோடுபோட்ட சேலைகளில் இருபதுதான் தெரிந்திருக்கின்றன. இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வழிமுறை யூனிகோடிலேயே உண்டு. மென்பொருள் அறிந்த ஒருவருக்கு அது அரை நாள் வேலை. சேலை, புடவை போன்ற ஒருபொருட் சொற்களைச் சேர்க்கும் வசதி, மென்பொருளோடு இணைத்துக்கொள்ளும் தேடலுக்கான கூடுதல் செருகுநிரல்களில் கிடைக்கிறது.

எந்தச் சொற்களைச் சேர்ப்பது என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. எந்தெந்தத் தேடலுக்கு விடை கிடைக்கவில்லை என்று பதிவுசெய்யும் வசதியை இயக்கிவிட்டால், வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் படித்தாலே போதும். எங்கள் பட்டியலில் முதல் மாதம் வந்தவற்றில் ‘சுங்குடி’யும் ‘சுங்கடி’யும் இருந்தன, ‘பிளவுஸ் இல்லாத சேலை’ இருந்தது, ‘அம்மாவுக்கு’ என்ற ஒற்றைச் சொல்லும் இருந்தது. அந்தக் கடைசிச் சொல்லைத் தேடியவருக்கு எங்கள் கடை ஒன்றுமில்லை என்று விடை சொல்லியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் வலித்தது. கனம் குறைந்த, வீட்டில் உடுத்த வசதியான சேலைகளை இப்போது அந்தச் சொல்லின் கீழ் தொகுத்து வைத்திருக்கிறோம்.

இனி ஒரு தவறைச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் நேர்ந்தது, இன்னும் பல கடைகளில் நேர்ந்துகொண்டிருப்பது. தன் தாயின் சதாபிஷேகத்துக்காக ஒருவர், கடுகு மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் கொண்ட கண்டாங்கி ஒன்றை இரவு ஒன்பது மணிக்குத் தேர்ந்தெடுத்து, கைபேசியில் யு.பி.ஐ. செயலி வழியாகப் பணம் செலுத்தினார். செயலியில் பச்சைக் குறி வந்ததும், வேலை முடிந்தது என்று கைபேசியை வைத்துவிட்டார். எங்கள் கடையோ, அவர் மீண்டும் கடைப் பக்கத்துக்குத் திரும்பி வந்தால்தான் பணம் வந்ததாகப் பதியும்படி அமைக்கப்பட்டிருந்தது. பணம் வராத ஆர்டருக்காகச் சரக்கை இத்தனை நிமிடம் நிறுத்தி வை என்று ஓர் அமைப்பு இத்தகைய மென்பொருளில் இருக்கும். எங்களுடையதில் அது அறுபது நிமிடம். பத்து மணிக்கு மென்பொருள் தானாகவே அந்த ஆர்டரை ரத்து செய்து, சேலையை மீண்டும் கடையில் வைத்துவிட்டது. மறுநாள் காலை சென்னையிலிருந்து ஒரு பெண்மணி அதே சேலையை வாங்கினார். இருவருடைய பணமும் எங்கள் கணக்கில் இருந்தது. சேலை ஒன்றுதான், அதுவும் அந்தப் பாவில், அதாவது ஒருமுறை தறியேற்றிய நூலில், நெய்த கடைசிச் சேலை. அடுத்த பாவில் அதே அரக்கு அப்படியே விழும் என்று எந்த நெசவாளரும் உறுதி சொல்ல மாட்டார்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னோம். “பணம் போகட்டும், அம்மாவிடம் அந்தச் சேலையின் படத்தைக் காட்டிவிட்டேனே” என்றார். ஆயிரம் சட்டைகளை ஒரே அச்சில் தைத்து விற்கும் கடைக்கு இருப்புக் கணக்கில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரிய நட்டமில்லை. கைத்தறிக் கடையில் பெரும்பாலான சேலைகளின் இருப்பு ஒன்று. அந்த ஒன்று பிசகினால் ஒரு வீட்டு விசேஷமே பிசகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு மிக எளியது. பணப் பரிமாற்றத்தைக் கையாளும் நிறுவனம், பணம் வந்த செய்தியை வாங்கியவரின் கைபேசியை நம்பியிராமல் நம் கடையின் சர்வருக்கு நேராகவே அனுப்பும். அதை வெப்ஹூக் என்கிறார்கள். நம் கடையின் ஒரு முகவரியை அந்த நிறுவனத்தின் பக்கத்தில் பதிய வேண்டும், ரகசியக் குறியீடு ஒன்றை நம் பக்கத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்குக் கடை அமைத்துக் கொடுத்தவர் அதைச் செய்யவில்லை. செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது என்று கேட்டறிய எனக்கும் அப்போது தெரியவில்லை. இக்கடிதத்தைப் படிக்கும் கடைக்காரர்கள் இன்றே தங்கள் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பொருளை வைத்து, பணம் செலுத்தியதும் பக்கத்தை மூடிவிட்டு, ஆர்டர் பதிவாகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அதேபோல், கல்லாவில் பில் போடும் மென்பொருளும் இணையக் கடையும் ஒரே இருப்புக் கணக்கைப் பார்க்கும்படி இணைப்பதும் அவசியம். மாலையில் ஒருமுறை கையால் கழிக்கிறோம் என்ற ஏற்பாடு முகூர்த்த நாட்களில் தாங்காது.

விலையை மறைப்பதும் வாங்குவோரை விரட்டும் இன்னொரு பழக்கம். சேலை விலையைப் பார்த்து, முகவரி எழுதி, தொலைபேசி எண் கொடுத்து, கடைசிப் பக்கத்தில்தான் அஞ்சல் செலவு நூற்றிருபது ரூபாய் என்று தெரிந்தால், பணம் பெரிதாக இல்லாவிட்டாலும் ஏமாற்றப்பட்ட உணர்வு வருகிறது. கூடையில் பொருளை எடுத்து வைத்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்று டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கூறுகிறது; கடைசியில் சேரும் கூடுதல் செலவுகளே முதன்மையான காரணமாக அதில் சொல்லப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், அஞ்சல் செலவும் வரியும் உட்பட மொத்த விலையை ஒரே தொகையாகவும் பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன. அஞ்சல் குறியீட்டின் ஆறு இலக்கங்களைச் சேலையின் பக்கத்திலேயே எழுதச் சொல்லி, செலவையும் வந்து சேரும் நாளையும் அங்கேயே காட்டும் வசதி மென்பொருள்களில் இருக்கும்போது, கடைசிப் பக்கம் வரை அதை ஒளித்து வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’, ‘சலுகை முடிய 9 நிமிடம்’ என்று பொய்யாக ஓடும் கடிகாரங்களையும் இங்கே சொல்ல வேண்டும். மத்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. பொய்யான அவசரமும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் அவற்றுள் அடங்கும். எங்கள் கடையின் வடிவமைப்போடும் அப்படி ஒரு கடிகாரம் வந்தது. பக்கத்தை மீண்டும் திறந்தால் அது மறுபடியும் ஒன்பது நிமிடத்திலிருந்தே தொடங்கும். நீக்கிவிட்டேன். இருப்பு உண்மையிலேயே ஒன்றுதான் என்பதைச் சொல்ல எங்களுக்குக் கடிகாரம் தேவையில்லை.

படங்களைப் பொறுத்தவரை ஒரே குறிப்பு. கைபேசியில் எடுத்த நான்கைந்து மெகாபைட் படங்களை அப்படியே ஏற்றக் கூடாது. இணையத்துக்கான வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றினால் கண்ணுக்குக் குறை தெரியாமலே அளவு பல மடங்கு சுருங்கும். பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவுகோல். மின்தடை நேரத்தில் ஊர்ப்புறத்துக் கைபேசி கோபுரத்தை நம்பியிருப்பவர்களுக்கு அது இன்னும் முக்கியம். சேலையின் மறுபக்கத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். நெசவு அறிந்தவர்கள் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

மாநிலக் கைத்தறித் துறைக்கும், காஞ்சிபுரம், சேலம் ஆகிய ஊர்களில் உள்ள நெசவாளர் சேவை மையங்களுக்கும், சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்துக்கும் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இணைய விற்பனைப் பயிற்சி என்றால் கணக்கு திறப்பதையும் படம் ஏற்றுவதையும் கற்பிப்பதோடு நிறுத்த வேண்டாம். சேலையின் பண்புகளை எந்தெந்தத் தலைப்புகளில் பதிய வேண்டும், எந்தப் பெயரில் பதிய வேண்டும் என்று எல்லாக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பொதுவான தமிழ்ப் படிவம் ஒன்றை உருவாக்கித் தாருங்கள். நெகமத்துக் கடையிலும் திருபுவனத்துக் கடையிலும் காரைக்குடிக் கடையிலும் ஒரே பண்புக்கு ஒரே பெயர் இருக்குமானால், வாங்குகிறவர் ஒரு கடையில் கற்றதை அடுத்த கடையிலும் பயன்படுத்த முடியும். தமிழ்க் கணிமையில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் போன்றவற்றின் தமிழாக்கத்தைத் தன்னார்வலர்களே செய்கிறார்கள், கூடை, ஆர்டர், பணம் செலுத்துதல், திருப்பி அனுப்புதல் ஆகிய நான்கு பக்கங்களின் சொற்களை மட்டுமாவது, அவற்றைப் பயன்படுத்தப்போகும் ஒரு தாயார் அல்லது பாட்டியின் அருகில் அமர்ந்து சரிபார்த்துக் கொடுங்கள்.

எங்கள் பங்காக, நாற்பத்து மூன்று நிறப்பெயர்களின் பட்டியலையும், என் தந்தையார் சொல்லி நான் எழுதிய பதினான்கு தலைப்புகளின் படிவத்தையும், தேடலுக்காகத் தொகுத்த ஒருபொருட் சொற்களையும் எந்தக் கைத்தறிச் சங்கம் கேட்டாலும் விலையின்றித் தருகிறோம். நிறப்பட்டியலில் சாம்பல் வகைகளுக்கு மட்டும் இன்னும் நல்ல தமிழ்ப்பெயர்கள் அமையவில்லை. தங்கள் வாசகர்களில் சாயத்தொழில் அறிந்த பெரியவர்கள் எவரேனும் அவற்றை இப்பகுதிக்கு எழுதி உதவினால், படத்தோடு பட்டியலில் சேர்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கைத்தறிச் சேலைக் கடை நடத்தும் வாசகி,
காரைக்குடி.